அர்ச்சனைக்குக் கொடுத்த பெயர்

1

சென்ற வாரம் அரியலூரிலிருந்து சித்தி தொலைபேசியில் அழைத்தார். என் மகளின் பிறந்தநாளன்று சிவன் கோவிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்ய நினைத்திருக்கிறார். நட்சத்திரம் அவிட்டமா சதயமா என்பதுதான் மறந்துவிட்டது. "அவிட்டம், சித்தி" என்றேன். சாப்பாட்டு மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பேனாவைக் கீழே வைத்தாள். பதினோரு வயதாகப் போகிறது. நெதர்லாந்தின் இந்த உட்ரெக்ட் நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள்.

"அம்மா, நீ எனக்குக் கேக்கல!" என்றாள் உரக்க.

என்னிடம் அனுமதி கேட்கவில்லை என்று சொல்ல வந்தாள்; 'என்னிடம்' என்பதற்கும் 'எனக்கு' என்பதற்கும் உள்ள வேறுபாடு அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. சித்தியின் காதில் அது வேறுவிதமாக விழுந்தது. "கேக்கலயா கண்ணு? இப்பக் கேக்குதா? இப்ப?" என்று அரியலூரிலிருந்து கத்தத் தொடங்கிவிட்டார்.

நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. "என் பேர், என் பிறந்த தேதி, என் நட்சத்திரம். எல்லாம் என்னோடது. யாரோ ஒருத்தருக்கு நீ ஏன் குடுக்கிற?" என்றாள். சித்தி 'யாரோ ஒருத்தர்' ஆகிவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற சிவபெருமானும்தான்.

அவள் பேச்சு துடுக்குத்தனம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. இந்த நாட்டில் அவளுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றுக்கொடுப்பதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்த நகரத்துச் சிறுவன் ஒருவனின் பெயர் நம் பக்கத்துக் கோவில் ஒன்றில் அர்ச்சனைக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவளை நான் அறிவேன். கொடுத்ததால் நேர்ந்தவற்றையும் அறிவேன். ஊர் நண்பர்கள் எழுதச் சொன்னபோதெல்லாம் பனியையும் சைக்கிளையும் பற்றியே எழுதி அனுப்பியிருக்கிறேன். இதை இப்போதுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்தச் சிறுவனுக்கு மாற்றுப் பெயர்கூட வைக்கவில்லை.

2

திருச்சியில் கணிப்பொறிப் பட்டம் பெற்று, திருமணமாகி, தொண்ணூற்றைந்தில் இங்கே வந்தேன். வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் என்னைத் திணறடித்த கேள்வி ஒன்றுதான்: எந்த மாவட்டத்தில் பிறந்தீர்கள்? நான் பிறந்தபோது அரியலூர், திருச்சி மாவட்டத்தில் இருந்தது. நான் விமானம் ஏறிய ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போனது. பிறகு தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்தது. இப்போது மீண்டும் பிரிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஒவ்வொரு முறை விசா புதுப்பிக்கும்போதும் சாளரத்துக்கு அப்பால் இருக்கும் பெண், பழைய தாளையும் புதிய தாளையும் பார்த்துவிட்டு, "இந்த இரண்டு பேரும் நீங்கள்தானா?" என்று கேட்பாள். ஒரு மனிதரின் விவரம் எத்தனை எளிதாக அவரை விட்டுப் பிரிந்துபோய்விடும் என்பதை அங்கேதான் முதலில் கண்டேன்.

டச்சு மொழி ஓரளவு பழகியதும் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. நோயாளிகள் கையால் நிரப்பி அனுப்பும் படிவங்களை யாராவது கணிப்பொறியில் ஏற்ற வேண்டும். இங்கே அதற்கு ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகவில்லை. அப்போது என் அண்ணன் ராஜேந்திரன் பெரம்பலூரில் துறையூர் சாலையில் ஓர் உரக்கடையின் மாடியில் தட்டச்சும் கணிப்பொறியும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். என் மேலதிகாரி மரைகேயிடம் பேசினேன். படிவங்களின் படங்கள் குறுந்தகட்டில் கூரியர் வழியே போயின. தட்டச்சான விவரங்கள் இணையம் வழியே திரும்பின. குன்னத்திலிருந்தும் செந்துறையிலிருந்தும் பெண்கள் முதல் பஸ் பிடித்து வேலைக்கு வந்தார்கள். பருத்திக்காட்டிலும் வெங்காயக்காட்டிலும் களையெடுத்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள்.

3

அந்த மையத்தில் ஒரு வேலைமுறை இருந்தது. யாரும் கற்றுக்கொடுக்காமல் அவர்களே அமைத்துக்கொண்டது. ஒருத்தி படிவத்தை உரக்கப் படிப்பாள். பக்கத்தில் இருப்பவள் தட்டச்சு செய்வாள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகலை ஒப்புநோக்குவது போல. டச்சுப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் பாடுவார்கள். 'வான் டெர்' என்று தொடங்கும் பெயர் வந்தால் "வண்டாரு வந்துட்டாரு" என்று ஒரு குரல் எழும். மாடி முழுவதும் சிரிக்கும். பிழைகள் மிகக் குறைவாக இருந்ததற்கு இந்தப் பாட்டுதான் காரணம்.

அவர்களுள் கெட்டிக்காரி குன்னத்துத் தமிழரசி. இருபத்திரண்டு வயது. டச்சு தெரியாது, ஆனால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கொண்டு பொருளைப் பிடித்துவிடுவாள். ஒருமுறை நான் ஊருக்கு வந்திருந்தபோது, "அக்கா, இந்த 'சைக்கர்'ங்கிறது சுகருதான? மருந்து பேரு நம்மூரு சுகர் மாத்திர மாதிரியே இருக்கே" என்றாள். உண்மைதான். டச்சுக்காரர்களும் அதைச் சர்க்கரை நோய் என்றே சொல்கிறார்கள். "அப்ப அங்கயும் அதே சீக்கா! சும்மா வெள்ளக்காரன்னு பேரு" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் மாடிச் சன்னல்கள் திறந்திருந்தன. கீழே உரம் வாங்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். யாரோ ஒரு டச்சுக் கிழவரின் மூலநோய் துறையூர் சாலையில் பாடப்பட்டுக்கொண்டிருந்தது.

4

இரண்டாயிரத்து ஒன்றில் புதிய சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முன்பே இட்ட கட்டளையை ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக்கிக்கொண்டிருந்த காலம். ஒருவரை அடையாளம் காட்டும் எந்த விவரமும் தகுந்த பாதுகாப்பில்லாமல் ஐரோப்பாவை விட்டு வெளியே போகக்கூடாது. போவதென்றால் அங்கே அதைத் தொடுபவர் ஒவ்வொருவரும் இங்குள்ள விதிக்குக் கட்டுப்படுவதாக ஒப்பந்தம் வேண்டும். எங்கள் நிறுவனத்தையும் பெரம்பலூர் மையத்தையும் அதற்குத் தயார்செய்யும் பொறுப்பை மரைகே என்னிடம் ஒப்படைத்தாள். ஆண்டு முடிவதற்குள் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். ஆகாவிட்டால் வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும். மாடியில் இருந்த அத்தனை பெண்களின் பிழைப்பும் அந்தக் கையெழுத்தில் தொங்கியது.

இச்சட்டத்தை நான் வெறும் அலுவலகத் தொல்லையாக நினைக்கவில்லை. நம் ஊரில் லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவிக்கு இரத்தப் பரிசோதனை செய்த கூடத்தில், முடிவை வரிசையில் நின்றவர்கள் காதுபட ஒருவர் சொன்னார். அன்று மாலைக்குள் தெருக்குழாயில் அவள் குடத்தை வைக்க விடவில்லை. சில மாதங்களில் அந்தக் குடும்பமே ஊரை விட்டுப் போயிற்று. தெரியக்கூடாத ஒன்று தெரிந்துவிட்டால் ஒரு மனிதரை எவ்வளவு தூரம் விரட்டலாம் என்பதற்கு எனக்கு ஐரோப்பிய உதாரணம் தேவைப்படவில்லை.

அந்தக் கோடையில் பெரம்பலூர் சென்றேன். உரக்கப் படிப்பதை நிறுத்தினோம். சன்னல்களை மூடி மின்விசிறிகளைக் கூட்டினோம். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல். சுவரில் ஒட்ட விதிகளைத் தமிழில் எழுதும்போதுதான் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். இங்கே நெதர்லாந்தில் எல்லாரும் நாள்தோறும் சொல்லும் 'பிரைவசி' என்ற அந்த ஒரு சொல்லுக்குத் தமிழில் 'அந்தரங்கம்' என்று எழுதினேன். அண்ணன் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாப்பா, 'அந்தரங்கம் காப்போம்'னு எழுதி மாடிப்படில ஒட்டுனா, கீழ ஒரம் வாங்க வர்றவன் இது என்னமோ சித்த வைத்தியசாலைன்னு நெனச்சு மேல ஏறி வந்துருவான்."

அந்த வரியை அடித்துவிட்டு, 'பிறர் விவரம் எதையும் வெளியே எவரிடமும் சொல்லக்கூடாது' என்று எழுதினேன். அண்ணன் அதைப் பெண்களுக்குப் படித்துக் காட்டினார். மூடிய அறை வெக்கையில் அவர்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு கேட்டார்கள்.

"வூட்டுல சொல்லலாமா சார்?" என்று கேட்டாள் ஒருத்தி.

"கூடாது."

"பஸ்ஸுல?"

"வாயத் தொறந்தாலே வேல போயிடும். போதுமா?"

தமிழரசி எழுந்தாள். "சாமிகிட்ட சொல்லலாமா சார்?"

அறை சிரித்தது. அண்ணனும் சிரித்தார். "சாமி எந்தக் கம்பெனிக்கு வேல பாக்குது? சொல்லு, சொல்லு. போயி சொல்லு."

அவள் சிரிக்காமல் உட்கார்ந்ததை நான் கவனித்தேன். அதற்கடுத்த நாள்களில் மாடியில் விசைப்பலகைகளின் ஓசை மட்டும் கேட்டது. ஒழுங்காகத்தான் இருந்தது. இருந்தும் அந்த அமைதி எனக்குப் பிடிபடவில்லை. முன்பெல்லாம் அவர்கள் யாரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது காதில் விழும். இப்போது எதுவும் விழவில்லை.

5

இலையுதிர்காலம் வந்தது. அமெரிக்காவில் யாரோ அஞ்சல் உறைகளில் ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடி வைத்து அனுப்பிய செய்தி வந்து, இங்கும் மக்கள் தங்கள் தபால்களைக் கையுறை அணிந்து பிரித்த நாள்கள் அவை. பொது இடங்களில் என்னையும் என் கணவரையும் பார்க்கும் பார்வைகூடச் சற்று மாறியிருந்தது. டிராமில் எங்கள் பக்கத்து இருக்கைகள் காலியாகவே இருந்தன.

ஒரு காலை மரைகே என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினாள். முன்தினம் இந்த நகரத்தில் ஒரு பெண், இந்திய முத்திரையுள்ள உறை ஒன்றைப் பிரித்திருக்கிறாள். சமையலறை மேசையில் வெள்ளைப் பொடி கொட்டியது. கூடவே கொஞ்சம் சிவப்புப் பொடியும் வாடிய பூவும். ஒரு தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அவள் மகனின் முழுப்பெயர். மகனுக்கு ஏழு வயது, இரத்தப் புற்றுநோய், வீட்டிலேயே இருந்தான். உடலை முழுவதும் மூடும் உடையணிந்தவர்கள் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துச் சென்றார்கள். நோய்த்தொற்றுக்கு இம்மியும் இடம்கொடுக்கக் கூடாத உடம்பு அவனுடையது. அவனை அன்று பொழுதெல்லாம் தனியறையில் வைத்துச் சோதித்தார்கள். வீட்டுக்கு முத்திரை வைத்தார்கள். தெரு வேடிக்கை பார்த்தது.

பொடி சாம்பல் என்று தெரிந்துவிட்டது. அதன்பிறகு அந்தத் தாய் கேட்ட கேள்விதான் மரைகேயின் மேசையில் இருந்தது: நோயுற்ற என் மகனின் பெயரும் முகவரியும் இந்தியாவில் இருக்கும் ஒருவருக்கு எப்படிக் கிடைத்தன?

மரைகே உறையின் நகலை என் முன் வைத்தாள். பின்புறத்தில் அனுப்பியவரின் பெயரும் குன்னத்து முகவரியும் தெளிவாக, முழுமையாக இருந்தன. மறைக்க வேண்டியதாகத் தமிழரசி எதையும் நினைக்கவில்லை.

"இது மிரட்டலா?" என்று கேட்டாள் மரைகே.

"இது பிரசாதம்" என்றேன். டச்சு மொழியில் அதற்கு ஒரு சொல் தேடினேன். கிடைக்கவில்லை. கடவுளின் நெருப்பில் மிஞ்சிய சாம்பல், நோயுற்றவர் நெற்றியில் பூசுவது என்று விளக்கினேன். விளக்க விளக்க அது இன்னும் பயங்கரமாகவே ஒலித்தது.

6

அன்றே அண்ணனை அழைத்தேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் தமிழரசியைக் கூப்பிட்டு, நான் இணைப்பில் இருக்கும்போதே விசாரித்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்க நீ?"

"சார், நீங்கதான சாமிகிட்ட சொல்லலாம்னீங்க. அந்தப் புள்ளையோட ஃபாரம் மாசாமாசம் எனக்குத்தான் வரும். ஒவ்வொரு தடவையும் மருந்து கூடிக்கிட்டே வந்துச்சு. கீழப்பழுவூர் சிவன் கோவில்ல எங்க மாமா வூட்டோட போயி அர்ச்சன பண்ணேன். பொறந்த தேதிய வச்சுப் பஞ்சாங்கத்துல நட்சத்திரம் பாத்தேன். குருக்களுக்குப் பேரு வாய்ல நொழையல. அவரே ஒரு தமிழ்ப் பேரா மாத்திக்கிட்டாரு. சாமிக்குத் தெரியாதா யாருன்னு."

"அர்ச்சன பண்ணுன, சரி. தபால்ல எதுக்குடி அனுப்புன?"

"பிரசாதம் உரியவங்களுக்குப் போய்ச் சேர வேணாமா சார்? அத நாமளே எப்படி வச்சிக்கிறது?"

ரிசீவர் கை மாறும் சத்தம் கேட்டது. அவள் குரல் எனக்கு மிக அருகில் வந்தது.

"அக்கா, திருநீறு கெடச்சுதாமாக்கா? புள்ள எப்படி இருக்கான்?"

அவன் எப்படி இருக்கிறான் என்பதை அவளிடம் சொல்வது விதிமீறல். அவளால் அவன் தனியறையில் கிடந்தான் என்பதைச் சொல்வது வேறு வகையில் கொடுமை. இரண்டையும் சொல்லாமல், "அண்ணன்கிட்ட குடு" என்றேன்.

7

நிறுவனத்தின் வழக்கறிஞர் நிதானமான மனிதர். தீய நோக்கம் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் சட்டம் நோக்கத்தைக் கேட்கவில்லை. பெயரும் முகவரியும் நோயும் வெளியே போயினவா என்பதைத்தான் கேட்டது. அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கினால் ஒப்பந்தத்தைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். அண்ணன் இரண்டு நாள் தூங்கவில்லை. மற்றப் பெண்களின் முகங்களைப் பார்த்துவிட்டுத் தமிழரசியை நீக்கினார். "என் வாயாலதான் சொல்லு சொல்லுன்னேன் பாப்பா" என்றார் என்னிடம்.

அதன் பிறகுதான் சாதாரண உடையில் போலீஸார் இருவர் மையத்துக்கு வந்தார்கள். அஞ்சல் உறை இங்கிருந்த காவல்துறை வழியாகப் பல மேசைகளைக் கடந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கணிப்பொறிகளைப் புரட்டினார்கள். பிறகு குன்னத்துக்கு ஜீப்பில் போனார்கள். நாலு கேள்வி கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல, விபூதி" என்று சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார்கள். ஜீப் வந்த சேதி மட்டும் திரும்பவில்லை. வெளிநாட்டுக்குப் பொடி அனுப்பியவள் என்றார்கள். போலீஸ் கேஸ் என்றார்கள். 'பவுடர் தமிழு' என்று பெயர் வைத்தார்கள். செந்துறையில் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், "எங்களுக்கு வேற ஒண்ணுமில்லங்க, பொண்ணு பேரு வெளிய வந்துருச்சு பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் சிறுவனின் பெயர் கீழப்பழுவூரில் ஒருமுறை, அதுவும் உருமாறி, ஒரு கருவறை முன் உச்சரிக்கப்பட்டது. அதற்காக இரண்டு நாடுகளின் அலுவலகங்கள் அசைந்தன. தமிழரசியின் பெயர் உறையின் நகலோடு எத்தனையோ கைகளில் போய், சொந்த ஊர்த் தேநீர்க்கடையில் வந்து விழுந்தது. அது எப்படி வெளியே போனது என்று கேட்க அவளுக்கு இங்கும் சட்டம் இல்லை, அங்கும் இல்லை. சட்டம் தேவையில்லை என்று இதைக்கொண்டு யாரும் முடிவு கட்ட வேண்டாம். அது அவளுக்கும் தேவைப்பட்டது என்றே சொல்கிறேன்.

ஒப்பந்தமும் பிழைக்கவில்லை. அந்தத் தாய் தன் காப்பீட்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டாள். மற்றவர்களும் கேள்வி கேட்கத் தொடங்கியதும், ஆண்டு முடிவதற்குள் வேலை ஐரோப்பாவுக்குள்ளேயே இன்னொரு நாட்டுக்குப் போயிற்று. அண்ணன் மாடியைக் காலி செய்தார். பெண்களில் சிலர் திருப்பூர்ப் பக்கம் போனார்கள். சிலர் காட்டு வேலைக்கே திரும்பினார்கள்.

8

சென்ற ஆண்டு விடுமுறையில் குன்னம் போயிருந்தபோது, தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் தமிழரசியைக் கண்டேன். பொதுமக்களுக்கு மனு தட்டச்சு செய்து கொடுக்கிறாள். யாராவது பின்னால் வந்து நின்றால், கையிலிருக்கும் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். திருமணம் ஆகவில்லை.

என்னைக் கண்டதும் எழுந்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை. "நல்லாருக்கீங்களாக்கா? பாப்பா வளந்திருக்குமே" என்றாள். தேநீர் வாங்கிவரச் செய்தாள். கடையில் ஆள் குறைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் புள்ள எப்படிக்கா இருக்கான்?"

"எனக்குத் தெரியாது தமிழு."

"தெரியாதுங்கிறீங்களா, சொல்லக்கூடாதுங்கிறீங்களா?"

"தெரியாதும்மா. அவங்க எங்க கம்பெனில இருந்து போயிட்டாங்க. நானா தேடிப் பாக்கவும் கூடாது."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் பக்கத்தில் நல்ல சேதியை யாரும் 'தெரியாது' என்று சொல்வதில்லை. அவள் கண்கள் மெல்ல மாறுவதைக் கண்டேன்.

"போயிட்டானாக்கா?"

"ஐயோ, இல்ல. நெசமாவே தெரியாது."

"நீங்க அதே ஊருலதான இருக்கீங்க?"

"ஆமா."

"ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்திருக்கலாம்லக்கா."

குற்றம் சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. வழி தெரியாதவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள். அதற்குள் மனு எழுத ஒருவர் வந்துவிட்டார்.

மரைகேயின் மேசையில் அன்று பார்த்த உறையின் முன்புறத்தில் இருந்த முகவரி எனக்கு நினைவிருக்கிறது. நினைவிருக்கக் கூடாது. என் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் நேர்வழி அந்தத் தெருதான். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. தினமும் காலையில் கால்வாய் ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன், ரயிலைத் தவறவிடும் நாள்களில்கூட.